ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்

போன வாரம் பக்கத்து வீட்டுக் குமரன் கேட்டைத் தட்டினான். இங்கே எங்கள் ஊர் காஜா பெராங்கில் ஒரு காற்பந்து கிளப்புக்கு ஆடுகிறவன்.

"அங்கிள், இன்னும் ரெண்டு மேட்ச் ஜெயிச்சா நாங்க மேல் டிவிஷன் லா. சண்டே நீங்களும் வாங்க."

தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களிடமும் அதையே சொன்னால் நம்புவீர்களா? நாற்பது வருடமாக நான் எந்தத் திடலுக்கும் போனதில்லை. காரணத்தை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். எனக்கு இருபத்தாறு வயது. காஜா பெராங்கில் ஒரு தையல்கடையில் வேலை. துணிக்கடை, தையல்கடை ஆட்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தோம். நான் ஆட்டக்காரன் இல்லை. மாவுச் சாக்கில் ஜெர்சி தைத்துக் கொடுத்துவிட்டு, கோட்டோரம் நின்று கத்துகிறவன்.

ஊரில் அரிசி இல்லை, மருந்து இல்லை. ஆனால் போட்டி நடத்த அனுமதி உண்டு. நாங்கள் இரண்டாம் டிவிஷன். அதிலும் கடைசிக்கு முந்திய இடம்.

அப்போது வந்து சேர்ந்தவன்தான் சன்னாசி. புக்கிட் காதில் பக்கம் கித்தாத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். சண்டையால் பால் வெட்டு நின்றுபோய், தோட்டத்திலேயே மரவள்ளி நட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஒரு வருடம். ஆட்டத்துக்காக அத்தனை தூரம் நடந்து வருவான். இடது ஓரத்தில் பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால்... அதை எப்படி எழுதுவது? எதிராளிகள்கூட நின்று பார்ப்பார்கள்.

முதல் ஆட்டம் டிரா. அடுத்தது ஜெயித்தோம். அதற்கடுத்தவையும். கிழங்கு தின்ற கால்கள் இரண்டாம் பாதியில் இழுத்துக்கொள்ளும். ஆனாலும் ஜெயித்தோம். எங்கள் கோல்கீப்பர் காசிம் சிரித்து அந்த ஒரு வருடத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

எனக்குள் ஏதோ ஏறிக்கொண்டே போனது. காலையில் கத்தரியைக் கையில் எடுக்கும்போதே, முதல் டிவிஷனுக்கு ஏற இன்னும் எத்தனை புள்ளி என்ற கணக்கு ஓடும். வயிறு காலியாக இருந்தால் நம்பிக்கைக்கு இடம் அதிகமோ என்னவோ!

அந்தச் சமயத்தில்தான் தோட்டங்களில் ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. சயாமில் ரயில் பாதை போட. மூன்றே மாதம், திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்றார்களாம். அதுவரை போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை.

"முதல் டிவிஷன் ஆட்டக்காரனை ஜப்பான்காரன் தொட மாட்டான்," என்று நான் கடையில் சொன்னேன். எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானே சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது நானே நம்பிவிட்டேன்.

கடைசி ஆட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. மதியம் சன்னாசியின் மனைவி தங்கம்மா கடை வாசலில் வந்து நின்றாள். வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

"அண்ணே, தோட்டத்து ஆபீஸ் கிராணி சயாம் லிஸ்ட்டுல இவரு பேர எழுதிட்டுப் போயிட்டாரு. ஜாசின் பக்கம் கம்பத்துல, மலாய்க்காரங்க கிராமத்துல, இவரு கூட்டாளி ஒருத்தரு இருக்காரு. வந்து ஒளிஞ்சுக்கச் சொல்றாரு. இவரு கேக்க மாட்டேங்குறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"ஞாயித்துக்கிழமை ஒரு ஆட்டம்தான் தங்கச்சி. அது மட்டும் இருந்துட்டுப் போகட்டும். ஜெயிச்சுட்டா முதல் டிவிஷன். அப்புறம் எவன் தொடுவான்?"

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நெசமாவாண்ணே?"

"நெசந்தான்."

நம்பிப் போய்விட்டாள். அன்று மாலை நான் ஜெர்சியில் பிய்ந்த தையலைச் சரிசெய்தேன். மனது உறுத்தவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

ஞாயிறு ஆட்டம். பத்தாவது நிமிடத்தில் சன்னாசியின் தொடை பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு ஆடவே இல்லை. மற்றவர்கள் பத்துப் பேராகவே ஆடி மூன்று கோல் போட்டார்கள். எதிரணிக்கு ஒன்றும் இல்லை.

"ஏறிட்டோம்ணே," என்றான். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான்.

"காலு சரியானதும் ஜாசினுக்குப் போயிட்டு வந்துடு."

"அதான் முதல் டிவிஷனாச்சே. எதுக்குண்ணே?"

மறுநாள் காலை, தோட்டத்தில் ஆட்கள் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு, வரிசையில் நின்றபோது லாரி வந்தது. பெயர் படித்தார்கள். சன்னாசியால் ஓடவும் முடியவில்லை. என்ன டிவிஷன் என்று அவனை யாரும் கேட்கவில்லை.

எங்களை முதல் டிவிஷனில் சேர்த்ததாக அறிவிப்பு ஒட்டினார்கள். ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. திடலைக் கொத்தி மரவள்ளி நட்டார்கள்.

சண்டை முடிந்தது. அதே லாரியில் போன ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். முதல் மழைக்காலத்திலேயே சன்னாசி வாந்திபேதியில் போய்விட்டான் என்றார்.

சில நாள் கழித்துத் தங்கம்மா கடைக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு அவரு கோல் போட்டாரா அண்ணே?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே ஒன்று சொல்லியாகிவிட்டது.

"இல்லம்மா. தொடை பிடிச்சுக்கிச்சு. பத்து நிமிஷத்துல வெளிய வந்துட்டான். மத்தவங்க மூணு போட்டாங்க."

மூன்று விரலை மடக்கிப் பார்த்தாள்.

"அப்ப அவரு இல்லாமயே ஜெயிச்சிருப்பீங்க. இல்லண்ணே?"

நான் துணியைப் பார்த்துக்கொண்டு குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். பிறகு பார்க்கவில்லை. இதைப் படிக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ... பதில் மட்டும் பாக்கி.

ஜெயித்திருப்போம், தங்கச்சி.