முந்தாநாள் ரொட்டி

அந்த பேக்கரியில் நாற்பது வருஷத்துக்கு மேல் அடுப்பு முன்னால் நின்றவர் அவர். அவர் போகிற கிறிஸ்தவ சபையில் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் சாட்சிக்காரர். காரணம், அவருடைய வலது கை. இருபத்திரண்டு வயதில், குடித்துவிட்டு வேலைக்கு வந்த ஒரு காலையில், மாவு பிசைகிற மிஷினில் அந்தக் கை முழங்கைவரை மாட்டிக்கொண்டது. "இயேசுவே!" என்று கத்தினார். மிஷின் நின்றது. அன்றோடு குடியும் நின்றது. எல்லாம் நிஜம், ஒரு சொல் பொய்யில்லை.

அதற்குப் பிறகு சொல்ல அவரிடம் வேறு கதை கிடையாது. கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டால் எழுந்து, சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டி, அதே கதையைச் சொல்லி, அதே இடத்தில் கண்ணைத் துடைத்து, உட்காருவார். வேதாகமம் ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் இருக்கும், மற்ற ஆறு நாளும் அலமாரியில்.

மனைவியின் அண்ணன் வாய்த்துடுக்குக்காரர். ஒருநாள் சபை வாசலில் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, கடையில மிஞ்சின ரொட்டிய என்ன பண்றீங்க?"

"வெட்டிக் காய வச்சு ரஸ்க் ஆக்கிடுவோம்."

"அதான பாத்தேன்! உங்க சாட்சியையும் அப்படித்தான் ஆக்கி வச்சிருக்கீங்க. இத்தன வருஷமாக் கெடவே இல்லையே!"

நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான்.

மனைவி வேறு மாதிரி. துணிக் கம்பெனியில் பொத்தான் தைக்கிற வேலை. விடிந்ததும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து வேதத்தில் ஒரு வசனம் எடுப்பாள். அதை நாள் முழுக்க, ஊசி போகிற போக்கில், மென்றுகொண்டே இருப்பாள். சில நாள் ஒன்றும் பிடிபடாது. "இன்னைக்குப் பட்டினிதான், நாளைக்கும் போய்க் கேக்கணும்" என்பாள்.

"நேத்து தின்னது பத்தாதா உனக்கு?" என்று கேலி செய்வார்.

"நேத்து சாப்பிட்டீங்கன்னு இன்னைக்கு சோறு வேணாம்னு சொல்றீங்களா?"

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. கண்ணும் மங்கியது. தண்ணீர் மட்டும் இறங்கியது. ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்றார் டாக்டர்.

புதன்கிழமை மத்தியானம் அவர் வேலை முடிந்து வந்து கட்டிலருகில் உட்கார்ந்தார்.

"என்னங்க, எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது சொல்லுங்க."

அவர் எழுந்து அலமாரியைத் திறக்கப் போனார்.

"படிக்க வேணாம். இன்னைக்குக் கர்த்தர் உங்களுக்குக் குடுத்தது ஏதாவது இருக்குமே, அதுல எனக்கு ஒரு வாய் குடுங்க."

அவர் தேடினார். அன்றைக்கு ஒன்றுமில்லை. நேற்றும் இல்லை. போன வருஷத்திலும் இல்லை. இருந்ததைத்தான் எடுத்தார்.

"அன்னைக்கு அந்த மிஷின்ல..."

"அது நம்ம கல்யாணத்துக்கு முந்தினதுங்க" என்றாள் அவள், கோபமே இல்லாமல். "எனக்கு மனப்பாடம்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை போய்விட்டாள். அதற்குள் அவர் எத்தனையோ பேசினார். கேட்ட அந்த ஒரு வாயைக் கொடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டு ஜெபத்தில், "ஐயா, ஒரு சாட்சி சொல்லுங்க" என்றார் போதகர். அவர் எழுந்தார். இடது கை பழக்கத்தில் வலது சட்டைக் கைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல ஐயா" என்று உட்கார்ந்துவிட்டார். அவள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் விடிந்ததும் அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒரு வசனம் படித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். "ஆண்டவரே, எனக்கு இன்னைக்குள்ளது தாரும்" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குப் போனார். எட்டு மாதமாக அப்படித்தான் கேட்கிறார். இப்போது சில நாட்களில் கிடைக்கிறது, சூடாக, அவருக்கென்றே சுட்டதுபோல. கிடைத்ததும் அவர் கட்டில் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.

கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருக்கிறது.