கண்ணாடிக்குப் போட்ட மாலை

லீலாபாய் டீச்சருக்கு ஊரில் பாதிப் பேரைப் பிடிக்காது. மீதிப் பேரைக் கண்ணிலேயே காட்டக்கூடாது. தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டையரானவர். விசிலைத் திருப்பிக் கொடுத்தாலும் விசிலடிக்கிற முகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பஸ் படியில் தொங்குகிறவன், கல்யாண வீட்டில் இலைக்கு முந்துகிறவன், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து செல்போனில் சத்தமாய்ப் பாட்டுக் கேட்கிறவன், யாரைப் பார்த்தாலும் "சவம்" என்கிற ஒரே சொல் வாயில் தயாராய் நிற்கும்.

இத்தனை பேரிலும் டீச்சர் அடியோடு மதிக்காத ஒரு கூட்டம் உண்டு. துப்பாக்கியில் ஸ்கோப் வைத்துச் சுடுகிற கூட்டம்.

ஆரல்வாய்மொழி மலையடிவாரத்தில், மின்சாரக் காற்றாடிகள் சுற்றுகிற வெளியைத் தாண்டி, ஒரு சின்ன ரைபிள் கிளப் இருக்கிறது. ஒரு தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் மண் அணைத்த மேடு, மேட்டில் குறி அட்டைகள். பாயில் கவிழ்ந்து படுத்து, முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துச் சுட வேண்டும். டீச்சர் இதைக் கற்றது காலேஜில், என்.சி.சி.யில். துப்பாக்கியின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை, முன்னால் ஒரு வளையம். ஓட்டை வழியே வளையத்தைப் பார்த்து, வளையத்துக்குள் குறியை நிறுத்திச் சுட்டால்தான் அது சுடுதல். ஸ்கோப் என்பது துப்பாக்கிமேல் குழாய்க் கண்ணாடியைக் கட்டி, தூரத்துக் குறியை மூக்குக்கு நேரே கொண்டுவந்து வைக்கிற சோம்பேறி வேலை.

"கண்ணாடியாக்கும் சுடுகு. ஆளு சும்ம கமந்து கெடக்கான்" என்பார்.

கிளப்பில் உருப்படியான துப்பாக்கி ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் கட்டை ஆடும், விசை இழுத்தால் நாளைக்கு வா என்னும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஐம்பது தாண்டினவர்களுக்கு ஒரு போட்டி வைப்பார்கள். ஜெயிக்கிறவருக்கு அடுத்த போட்டி வரை அந்த நல்ல துப்பாக்கி. இந்தப் போட்டியில் ஸ்கோப் வைக்கலாம், வைக்காமலும் சுடலாம். டீச்சர் வைக்காமல்தான் சுடுவார், அவர்தான் ஜெயிப்பார். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, மகள் லிஜி சென்னையில். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்தால் அந்தத் துப்பாக்கிதான் டீச்சருக்கு எல்லாம். அது கைவிட்டுப் போனால் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்து அழ வேண்டியதுதான். டீச்சருக்கு அழுகிற பெண்களையும் பிடிக்காது.

ஒரே ஒரு வருஷம் மட்டும் சறுக்கிற்று. ஜெயித்தது கொட்டாரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற சுயம்புராஜ். ஆளைப் பார்த்தாலே டீச்சருக்குக் குமட்டும். மிலிட்டரிப் புள்ளி போட்ட தொப்பி, மிலிட்டரிப் புள்ளி போட்ட கால்சட்டை, இடுப்பில் ஏழெட்டு பை. மிலிட்டரி கேண்டீன் பக்கம்கூட எட்டிப் பார்த்தவர் இல்லை. துப்பாக்கிமேல் பெருங்காய டப்பா கனத்துக்கு ஒரு ஸ்கோப்.

தோற்றவர் ஜெயித்தவருக்கு மாலை போட வேண்டும் என்பது கிளப்பில் ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம். பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளைக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு வேறு எதைப் போடுவது? அன்றைக்கு சுயம்புராஜ் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் அவரைத் தாண்டிப் போய், பெஞ்சில் கிடந்த துப்பாக்கியின் ஸ்கோப்பில் மாலையைத் தொங்கவிட்டார்.

"சுட்டது இதுல்லா. இதுக்குத்தான் மாலை."

கொட்டகையே சிரித்தது. சுயம்புராஜும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் வேறு என்ன செய்வார்? அடுத்த வருஷம் டீச்சர் துப்பாக்கியைத் திரும்பப் பிடித்துவிட்டார்.

அப்புறம்தான் கண்ணில் புரை வந்தது. ஆப்பரேஷன் முடிந்து கட்டை அவிழ்த்தால், தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டு பளிச்சென்று தெரிகிறது. துப்பாக்கி முனையில் இருக்கிற வளையம் மட்டும் புகை மூடிக் கிடக்கிறது. டீச்சர் கண்ணைக் கசக்கிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். வளையம் மசியவில்லை. டாக்டர், இனி பக்கத்தில் உள்ளது அப்படித்தான் இருக்கும் என்றுவிட்டார். அவரும் ஒரு சவம்.

வேறு வழி? லிஜியிடம் சொல்லி ஒரு ஸ்கோப் வாங்கி அனுப்பச் சொன்னார். சொல்லும்போது, யாரோ ஒரு பாவப்பட்டவனுக்கு வாங்குகிற மாதிரித்தான் சொன்னார்.

போட்டிக்கு முந்தின நாள் தக்கலையில் ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அது முடிந்து பட்டுச்சேலையோடு நேரே கிளப்புக்கு வந்தார். சனிக்கிழமை மத்தியானம் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள் என்று கணக்கு. கணக்கு தப்பிற்று. செக்ரட்டரி ஞானதாசன் இருந்தார். கூடவே, புள்ளிச் சட்டையில், சுயம்புராஜும் இருந்தார்.

டீச்சர் பையிலிருந்து ஸ்கோப்பை எடுத்ததும் ரெண்டு பேரும் அதையே பார்த்தார்கள். கேலி பண்ணியிருந்தால்கூடப் பரவாயில்லை, ரெண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

துப்பாக்கியை மேஜையில் மணல்மூட்டைமேல் வைத்தார். ஸ்கோப்பைப் பிடிக்கிற ரெண்டு வளையங்களையும் துப்பாக்கி முதுகில் ஏற்றி, குழாயை உட்காரவைத்து, உள்ளே தெரிகிற குறுக்குக் கோடு சாயாமல் திருப்பினார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்துப் பார்த்தார். குறி வட்டமாய், நிறைவாய்த் தெரிந்தது.

"டீச்சரே, கமந்து படுத்துப் பாத்துட்டு முறுக்குங்க" என்றார் சுயம்புராஜ். "படுத்தா கழுத்து முன்ன போவும்லா. நான் வேணா ஸ்கோப்ப பிடிச்சுத் தள்ளித் தாறேன்."

இதைச் சொல்லி, கிளப்புக்கு வந்த எத்தனை பிள்ளைகளை டீச்சர் பாயில் படுக்கவைத்திருக்கிறார்! உட்காரும்போது தலை நிமிர்ந்து பின்னால் நிற்கும். படுத்தால் முகம் தானாய் முன்னால் போய் ஒட்டும். தெரியாதா? எல்லாம் தெரியும். ஆனால் பட்டுச்சேலையோடு இந்த ரெண்டு ஆம்பிளைகளுக்கு முன்னால் மண்ணில் கவிழ்ந்து படுப்பதா? அதுவும் இந்தத் தொப்பிக்காரன் வந்து கண்ணாடியைத் தள்ளிக் கொடுக்க?

"உம்ம சோலியப் பாரும்வே" என்றார். சின்னச் சாவியை எடுத்து, திருகாணிகளை இறுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காற்று பேயாய் வீசிற்று. டீச்சர் டிராக் பேண்டில் வந்து, பாயில் படுத்து, துப்பாக்கியின் வாரைக் கையில் மாட்டி, கன்னத்தை வைத்தார். கண் ஸ்கோப்புக்கு ரொம்பப் பக்கத்தில் போய்விட்டது. குறியைச் சுற்றிக் கறுப்பு நிழல் கவிந்தது. தலையைப் பின்னால் இழுத்தால் வட்டம் நிறைகிறது, கழுத்து நடுங்குகிறது. கழுத்தை விட்டால் கறுப்பு. முதல் குண்டு அட்டையின் ஓரத்தில் போய் விழுந்தது. கணக்கில் சேராத சோதனைக் குண்டுகளுக்கு உள்ள நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்கோப்பை முன்னால் தள்ள வேண்டும். சாவி எங்கே? நேற்றைய பட்டுச்சேலைக்குப் பொருத்தமான கைப்பையில், வீட்டில். சாவி இருந்தாலும் படுத்துக்கொண்டு தானே தள்ள முடியாது; ஒருத்தர் வேண்டும்.

அடுத்த பாயில் சுயம்புராஜ் படுத்திருந்தார். இடுப்பில் ஏழெட்டு பை. ஏதாவது ஒன்றில் சாவி இல்லாமலா இருக்கும்?

துப்பாக்கி போவதா, மானம் போவதா என்றுதான் கேள்வி. துப்பாக்கியை விட மனம் வரவில்லை.

"வே, சுயம்பு" என்றார். இதுவரை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இஞ்ச வாரும். சாவி கொண்டு வாரும்."

செக்ரட்டரியிடம் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, தன் துப்பாக்கி வெடித்துவிடாதபடி போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, சுயம்புராஜ் எழுந்து வந்தார். பாம்பாட்டி கூடையிலிருந்து பாம்பு வருகிற மாதிரி ஒரு பையிலிருந்து சாவி வந்தது. டீச்சரும் போல்ட்டைத் திறந்து வைத்தார். கண்ணை மூடி, கன்னத்தை இயல்பாய்க் கட்டையில் சாய்த்து, கண்ணைத் திறந்தார். சுயம்புராஜ் திருகாணிகளைத் தளர்த்தி, ஸ்கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாய் முன்னால் தள்ளினார். "போரும்" என்றார் டீச்சர். சுயம்புராஜ் முறுக்கிக் கொடுத்தார். கோணல் பார்த்து இன்னொரு தரமும் முறுக்கினார். கேலி பண்ணாமல் வேலையை முடித்துவிட்டுத் தன் பாய்க்குப் போனதுதான் டீச்சருக்கு அதிகமாய் எரிந்தது.

ஸ்கோப் இடம் மாறினால் குண்டு போகிற இடமும் மாறும். அதைச் சரிபார்க்க நேரம் மிச்சமில்லை. டீச்சர் போட்டிக் குண்டுகளிலேயே தட்டுத் தடுமாறி இடம் கண்டுபிடித்து, பிறகு ஒன்றையும் விடாமல் நடுவில் இறக்கினார். சுயம்புராஜிடம் ஒரு புள்ளியில் தோற்றார்.

துப்பாக்கி போயிற்று. ஞானதாசன் கேந்திப் பூவும் பிச்சிப் பூவும் கலந்த மாலையைக் கொண்டுவந்து டீச்சர் கையில் கொடுத்தார். கொட்டகையில் எல்லாரும் வேடிக்கை பார்க்க வசதியாய் நகர்ந்து நின்றார்கள்.

சுயம்புராஜ் தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். வந்தவர் திரும்பிப் போனார். தன் துப்பாக்கியை எடுத்து வந்து, ரெண்டு கையிலும் ஏந்தி, ஸ்கோப் டீச்சர் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"போடுங்க டீச்சரே."

டீச்சர் அந்த முகத்தில் கிண்டலைத் தேடினார். கிண்டல் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார். அது இல்லவே இல்லை. இதற்கு முன்னால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஜெயித்த மனுஷன். மாலை அங்கேதான் விழும் என்று அன்றைக்கே அவர் மனதில் பதிந்துவிட்டது. டீச்சருக்கு வெட்கமாய் இருந்தது. அசெம்பிளியில் பாவாடை நழுவின பிள்ளைக்கு வருகிற வெட்கம்.

"அத கீழ வையும்வே" என்றார். "எனக்க துப்பாக்கிலயும் ஒரு ஸ்கோப்பு இருந்துதுல்லா? அது ஜெயிச்சுதா? கழுத்த நீட்டும்."

சுயம்புராஜ் துப்பாக்கியை வைத்துவிட்டுக் குனிந்தார். மாலை ஒரு காதில் மாட்டிக்கொண்டது.

"சவத்துக்கு ஒழுங்கா குனியவும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் அதை எடுத்துச் சரியாய்ப் போட்டுவிட்டார்.