ஐந்நூறாவது கையெழுத்து

பெய்-யூவின் கடிதத்தைக் கண்டால் ஸ்வீடன் நாடாளுமன்றமே மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பகலில் அவள் கோத்தன்பர்க்கில் நர்ஸ். மாலையில், குடியிருப்பு அட்டையில் சொந்த நாடு, சீனாவின் பெயர் ஒட்டாமல், 'தைவான்' என்றே அச்சாக வேண்டுமென்று வீடுவீடாகக் கையெழுத்து வாங்குவாள். ஐந்நூறு சீட்டுகளை நாளை எம்.பி.யிடம் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தது. அம்மா முகம் வாடக்கூடாதென்று மகள் யுன்-சி திருட்டுத்தனமாக ஒன்றை எழுதிச் சேர்த்துவிட்டாள்.

தன் ஊரான தைவானில் தேர்தல் வாக்கு எண்ணுவதைப் போலவே, பெய்-யூ ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டிப் பெயரை உரக்கப் படித்தாள். கடைசிச் சீட்டில் குரல் நின்றது.

"ஏண்டி, லூனா லார்சன் எதிர்வீட்டு நாய்தானே?"

"அதுக்கும் உன்னைப் பிடிக்கும்மா."

"ஒண்ணு பொய்னா மிச்சத்தையும் நம்பமாட்டாங்கடி. எழுந்து பூட்ஸை மாட்டு. அதை வளர்க்கிறவர் இன்னும் கையெழுத்துப் போடல. நீயே போய்க் கேக்கிற."