குடியை விடும் இடத்துக்கு வழி கேட்டது

என் கணவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தரையில் நேராக நடக்க முடியாத மனிதர், டன் கணக்கில் கம்பிகளை ஊரார் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போவார். கீழே நின்றவர்களுக்கு ஆயுசு கெட்டி என்றுதான் சொல்ல வேண்டும். ஃபோர்மேன் நல்லவர், ஆனால் அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. ஒரு சனிக்கிழமை என்னைக் கம்பெனி வாசலுக்கு வரவழைத்துச் சொன்னார்:

"குடிச்சவங்களே கூடிப் பேசி, குடிய உடற மீட்டிங் ஒண்ணு ஞாயித்துக்கெழம சாய்ங்காலம் இந்த ஊர்லதான் எங்கியோ நடக்குதாம்மா. நாளைக்கு இவரு அதுல போய் ஒக்காந்தா, திங்கக்கெழம கிரேன் ஏறட்டும். இல்லாங்காட்டி ஏற உட மாட்டேன்."

எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. வருகிறவர்களின் பேர் வெளியே தெரியக்கூடாது என்று வாசலில் பலகைகூட வைக்க மாட்டார்களாம்.

மறுநாள் மத்தியானமே அவரைக் குளிக்க வைத்து, தேய்த்த சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் கேட்க நாக்கு எழவில்லை. "குடிய உட வெக்கிற எடம் ஒண்ணு கீதாமே, எங்கண்ணா?" என்றேன், யாரோ தெரிந்தவருக்காகக் கேட்பதுபோல. அவர் என் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏறுக்கா" என்றார்.

வழியெல்லாம் என் கணவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆட்டோ போய் நின்றது ஓர் அம்மன் கோயிலில். எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்துவது என்றால் கயிறு கட்டுவதுதான். இத்தனை மாதம் தொட மாட்டேன் என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்து, மந்திரித்த கயிறு ஒன்றைக் கையில் கட்டிக்கொள்வார்கள். கெடு முடியும்வரை தொடவும் மாட்டார்கள். முடிந்த அன்று விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிப்பார்கள்.

பூசாரி என் கணவரைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்டதுபோலச் சிரித்தார்.

"வா நைனா. போன வாட்டி கட்னது பொங்கலோட முடிஞ்சிச்சில்ல? இப்போ எத்தினி மாசத்துக்கு?"

"ஆடி வரைக்கும் போடு சாமி."

"ஆடிக்கு இன்னும் ஒரு மாசங்கூட இல்லியே?"

"அதுக்குத்தான் சொல்றேன். ஆடியில கூழ் ஊத்துவாங்க, மச்சானுங்கல்லாம் வருவானுங்க."

கயிற்றுக்காக அவர் நீட்டிய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஃபோர்மேன் சொன்னதைப் பூசாரியிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"என் கயிறு ஆத்தாளுக்குப் பயப்படறவனுக்கும்மா. உங்க ஊட்டுக்காரரு காலண்டருக்குத்தான் பயப்படறாரு. நீ சொல்ற மீட்டிங்கு எனக்குத் தெரியாது. ஒயின் ஷாப்பாண்ட மீன் வறுக்கிற அம்மாவக் கேளு. குடிக்கிறவன் எங்க போறான் எங்க வர்றான்னு அதுக்குத்தான் தெரியும்."

ஒயின் ஷாப்புகளை அரசாங்கமே எடுத்து நடத்தத் தொடங்கியிருந்த புதிது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ரோடுவரை நின்றது. கணவரின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நெருங்கினேன். "லேடீஸ் வந்துகீறாங்க, வழி உடுங்கப்பா" என்றார் ஒருவர். மொத்த வரிசையும் ஒதுங்கி நின்றது. ரேஷன் கடையில் எனக்கு ஒருநாளும் கிடைக்காத மரியாதை. அந்த இடைவெளியில் என் கணவர் கவுண்டர் பக்கம் பாய்ந்தார். நான் இழுத்த இழுப்பில் சட்டையின் தோள் தையல் பிரிந்துவிட்டது.

மீன் வறுக்கிற அம்மாவின் காதோரம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

"மாதா கோயில் பின்னாடி ஸ்கூல் ரூம்பு. எங்க ஊட்டுக்காரரும் அங்கதான் ஒக்காந்துகினு கீறாரு. இங்க யாராண்டயும் சொல்லிடாதம்மா, யாவாரம் படுத்துரும்."

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூட வாசலில் என் கணவரின் கால் நகர மறுத்தது. "தல வலிக்குது, அடுத்த வாரம் வர்லாம்" என்றார். ஃபோர்மேனை ஞாபகப்படுத்தினேன். "கயிறே கட்டிக்கிறேன். ஆடியையும் சேத்து!" என்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்கு வேலை போய்விடும், அப்புறம் பகலிலும் குடிப்பார். இனி இழுக்க எனக்கும் தெம்பில்லை.

உள்ளேயிருந்து ஒருவர் டீ டம்ளரோடு வந்தார். ஒன்றும் விசாரிக்காமல் அதை என் கணவரிடம் நீட்டினார். இவர் வாங்கவில்லை.

"இங்க எத்தினி மாசத்துக்கு?"

"இன்னிக்கு மட்டுந்தான்."

"அப்போ நாளைக்கு?"

"அத நாளைக்குப் பாத்துக்கலாம்பா."

என் கணவர் வானத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, இன்றைக்கு என்று மிச்சமிருந்ததே கொஞ்சம்தான். இவ்வளவு சுலபமான கெடுவை அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. டீயை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நான் ஜன்னலுக்குக் கீழே திண்டில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராகப் பேசினார்கள். பிறகு யாரோ, "புதுசா வந்தவரு எதுனா சொல்றீங்களா?" என்று கேட்டார். நாற்காலி நகர்ந்தது.

"நான் ஒரு குடிகாரன்."

அந்த வார்த்தையைத் தெருவே கேட்கும்படி எத்தனையோ தடவை நான் அவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். ஆனால் வேறு யாராவது சொன்னால் குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டுச் சண்டைக்குப் போவேன். அன்றைக்கும், எவன்டா என் புருஷனைச் சொன்னது என்று சுள்ளென்று கோபம் ஏறி எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் அது அவர் குரல் என்று உறைத்தது. சண்டை போட ஆளில்லாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.