அப்பா சொன்ன ஆமென்

பழிவாங்குவது பாவம் என்று ஞாயிறு வகுப்பில் எனக்குச் சொல்லித்தந்த பெண்மணியைத்தான் நான் பழிவாங்க நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, செய்தும் முடித்தேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் சபை நடத்திய பிள்ளைகள் திட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. முகத்துவாரத்திலிருந்தும் கொச்சிக்கடையிலிருந்தும் வந்த எங்களுக்கு அவர் அன்ரி. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போவோம். சோறும் பருப்பும் கிடைக்கும், சில நாள் முட்டையும் கிடைக்கும். பிறகு பாடம், பிறகு ஜெபம். வெளிநாட்டில் முகம் தெரியாத ஒரு குடும்பம் ஒவ்வொரு பிள்ளையின் படிப்பையும் பொறுப்பெடுத்துக்கொள்ளும். இன்று நான் வெள்ளவத்தையில் சொந்தக் காலில் நிற்கிறேன், தமிழையும் ஆங்கிலத்தையும் மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன் என்றால் அந்தச் சோறும் அந்தப் பாடமும்தான் காரணம். நன்றி கெட்டவள் என்று யாரும் சொல்வதற்கு முன் நானே இதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சோறு போட்டவருக்கு என் அப்பாவின் பெயரைக் கெடுக்கும் உரிமையையும் சேர்த்து யார் கொடுத்தது?

அப்பா துறைமுகத்துக் களஞ்சியத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு நாள் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து அவர் இடுப்பில் விழுந்தன. அதற்குப் பிறகு அவரால் நேராக நடக்க முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடித் தள்ளாடித்தான் நடப்பார். குடி என்பது அவருக்கு ஆகாது. கிறிஸ்மசுக்குப் பக்கத்து வீட்டில் ஊற்றிக் கொடுக்கும் வைனைக்கூட வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வந்துவிடுவார்.

ஆண்டுக்கு ஒரு முறை, உதவி செய்யும் வெளிநாட்டவர்கள் எங்களைப் பார்க்க வருவார்கள். அன்று ஒரு பிள்ளை மேடையேறி, தன் வீட்டுக் கதையையும் கர்த்தர் செய்த நன்மையையும் சாட்சியாகச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் மொழிபெயர்ப்பு வரிக்கு வரி நடக்கும். பிள்ளை தமிழில் ஒரு வரி சொல்லி நிறுத்தும், அன்ரி அதை ஆங்கிலத்தில் சொல்வார், பிறகு அடுத்த வரி. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஆண்டு என்னை ஏற்றினார்கள். என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர் என்றேன். இப்போது அவரால் வேலைக்குப் போக முடியாது என்றேன். ஆனாலும் ஒவ்வொரு நாளும் எனக்குக் கணக்குச் சொல்லித்தருவார் என்றேன். நான் ஒரு வரி சொன்னால் அன்ரி நாலு வரி சொன்னார். ஆங்கிலம் நீளமான பாஷை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். நான் நன்றாகப் பேசிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

கூட்டம் முடிந்ததும் அப்பா சிரித்த முகத்தோடு தள்ளாடியபடி முன்னால் வந்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வந்தவர்களில் இரண்டு ஆண்கள் அப்பாவின் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

“உங்கட இடுப்புக்காக ஜெபிக்கிறாங்க” என்றார் அன்ரி.

அப்பா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். ஜெபம் முடிந்ததும் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இடுப்பு கொஞ்சம் லேசாக இருப்பதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான உயர்தரம் படித்த காலத்தில், திட்டத்தின் ஆங்கில வகுப்புக்குப் புதிதாக வந்த ரீச்சர், கேட்டுப் பழகுவதற்காகப் பழைய விழாக்களின் வீடியோவைப் போட்டார். திரையில் நான் நின்றேன், இரண்டு பின்னலோடு. அன்ரியின் குரல் என் வாயாகப் பேசியது. என் அப்பா காலையிலிருந்து குடிப்பார். இரவில் என்னையும் அம்மாவையும் அடிப்பார். நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன். பிறகு அந்த ஜெபம். இந்த மனிதனைப் பிடித்திருக்கும் குடிப்பிசாசே, வெளியே போ என்று அந்த இரண்டு பேரும் கத்துகிறார்கள். அப்பா தலை குனிந்து நிற்கிறார். அப்பாவின் ஆமென் தெளிவாகக் கேட்டது. வகுப்பிலிருந்த எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு மற்ற ஆண்டுகளின் வீடியோவையும் தனியாக இருந்து பார்த்தேன்; பிள்ளைகள்தான் வேறு, கதை இதேதான்.

களஞ்சியத்தில் மூட்டை சரிந்த கதைக்கு யாரும் அழ மாட்டார்கள், குடிகாரத் தகப்பன் என்றால் அழுவார்கள். அவ்வளவுதான் விஷயம். அன்ரிக்கு அப்பாமீது எந்தக் கோபமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“நான் உன்ன அடிக்கிறனாமா?”

இனி அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று நான் குதித்தேன்.

“படிப்ப முடி, மகள். மற்றதெல்லாம் பிறகு பாப்பம்” என்றார் அப்பா. அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசவேயில்லை.

நானும் படித்து முடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சோற்றைத் தின்றேன். அன்ரியைக் கண்டால் வாய் நிறையச் சிரித்தேன், உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

போன வருடம் அன்ரியே தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் ஓய்வு பெறுகிறாராம். அதே வெளிநாட்டவர்கள் வருகிறார்களாம், பிரியாவிடை வைக்கிறார்களாம்.

“பிள்ளையளின்ட தாய் தகப்பன்மாரும் வருவாங்க மகள், அதால நான் தமிழிலதான் கதைக்கப்போறன். நீதான் இங்கிலிஷில சொல்லோணும். நீ என்ட பிள்ளை அல்லவா?”

“ஓம் அன்ரி, கட்டாயம் வாறன்” என்றேன். கர்த்தர் இப்படிக் கொண்டுவந்து கையில் தருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இருந்ததிலேயே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு, அப்பாவையும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போனேன். என்ன செய்யப்போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முகத்தை மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பெற்றோரின் வரிசையில் உட்கார்ந்தார்.

அன்ரி ஒலிவாங்கியைப் பிடித்தார். “இவ்வளவு காலமும் கர்த்தர் என்னை நடத்தினார்” என்றார். ஒழுங்காக மொழிபெயர்த்தேன். “நான் ஒண்டுமில்ல, எல்லாம் அவர்தான்” என்றார். அதையும் ஒழுங்காகச் சொன்னேன்.

“இந்தப் பிள்ளையளின்ட தாய் தகப்பன்மாருக்கு நான் நன்றி சொல்றன்.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “இந்தப் பிள்ளைகளின் தகப்பன்மாரைப் பற்றி நான் உங்களிடம் பொய் சொன்னேன்.”

அன்ரி என் பக்கம் திரும்பினார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் என்ன சொல்லி என்னைத் தடுப்பார்? மொழிபெயர்ப்பாளர் சொன்னதை மாற்றிச் சொல்கிறாள் என்று அவர் எந்த வாயால் சொல்வார்? தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவங்க எப்பவும் என்னில அன்பா இருந்தாங்க” என்றார்.

“குடிக்காதவர்களைக் குடிகாரர்கள் என்றேன். பிள்ளையை ஒரு அடிகூட அடிக்காதவரை அடிக்கிறவர் என்றேன். நீங்கள் அழ வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்” என்றேன் நான். அவர் முகம் செத்துப்போனது. உள்ளதைச் சொன்னால், எனக்கு அது தேனாக இனித்தது.

வெளிநாட்டவர்கள் கொதித்தெழுவார்கள், கேள்வி கேட்பார்கள் என்று காத்திருந்தேன். எப்படிப்பட்ட மனிதர்கள் அவர்கள் என்பதை மறந்துபோனேன். யாராவது ஒருவர் பாவத்தை அறிக்கையிட மாட்டாரா என்று ஞாயிறுக்கு ஞாயிறு காத்திருக்கும் ஆட்கள் அல்லவா! முன்வரிசையில் ஒரு கிழவி அழுதுகொண்டே எழுந்து கைதட்டினாள். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். அல்லேலூயா என்றார்கள். மேடைக்கே ஏறிவந்து அன்ரியைக் கட்டிப்பிடித்தார்கள். அன்ரியா விடுகிறவர்? சட்டென்று முழங்காலில் விழுந்து கண்ணீர் விடத் தொடங்கினார். கவிழ்க்கப்போன நானே அவரைப் பரிசுத்தவாட்டி ஆக்கிவிட்டேன். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பெற்றோர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் காதில் விழுந்தது தமிழில் சொன்ன நன்றி மட்டும்தானே? வெள்ளைக்காரர் தட்டுகிறார்களே என்று அவர்களும் தட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

வந்தவர்களின் தலைவர் ஒலிவாங்கியை வாங்கி, சகோதரியை நாங்கள் முழு மனதோடு மன்னிக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். இதைப் பெற்றோருக்கும் விளங்கும்படி சொல் என்று ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார். நான் பெற்றோரைப் பார்த்துத் திரும்பினேன்.

“அன்ரி எங்கட அப்பாமாரைக் குடிகாரர் எண்டும், எங்களைப் போட்டு அடிக்கிறவங்க எண்டும் இவங்களிட்ட சொல்லித்தான் இவ்வளவு காலமும் அழவச்சிருக்கிறா. அது பொய் எண்டு இப்ப இவங்களுக்குத் தெரிஞ்சிட்டுது. அதை இவங்க மன்னிச்சிட்டாங்களாம்.”

கைதட்டல் நின்றது. பின்னாலிருந்து ஒரு தகப்பன், “யாரைக் குடிகாரன் எண்டு சொன்ன?” என்று அன்ரியைப் பார்த்துக் கத்திக்கொண்டு எழுந்தார். அவரோடு இன்னும் சிலர் எழுந்தார்கள்.

“போதும் மகள்” என்றார் அன்ரி, முழங்காலில் நின்றபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி.

அப்போது அப்பா முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சபையே திரும்பிப் பார்த்தது. அவர் மேடைக்கு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினார்.

“மகள், நான் சொல்றத அவங்களுக்குச் சொல்லு. ஒரு சொல்லும் மாத்தாம சொல்லு. மன்னிக்கிறதுக்கு அவங்க ஆரு? பொய் சொன்னது என்னைப் பற்றி. நான் மன்னிக்கேல்ல.”

ஒரு சொல்லும் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.