நாற்பத்திரண்டாவது கோல்

ஓட்டுநர் பள்ளியில் பயிற்சியும் தேர்வும் நடத்தும் நுமாஜிரி ஒரு கிழவரை ஃபெயில் ஆக்கக் காத்திருக்கிறார் என்று மினெகோ அக்காவின் கோழி சுட்டு விற்கும் கடையில் ஒரு வாரமாகப் பேச்சு. கரியடுப்பை விசிறிக்கொண்டே அக்கா சொன்னார்: "இருபத்தாறு வருஷம் பொறுத்தாச்சு. வியாழக்கிழமை பேனா அவன் கையில."

வதந்தியை நேரில் பார்த்துவிட்டுப் பத்திரிகையில் எழுதுவதுதான் என் வழக்கம். வசதியாக, சிவப்பு விளக்கைத் தாண்டிய குற்றத்துக்காக அதே வியாழன் எனக்கும் அங்கே தேர்வு இருந்தது. எழுபத்தைந்து வயதுக்கு மேல் விதிமீறலில் மாட்டினால், ஓட்டிக் காட்டினால்தான் உரிமம் புதுப்பிப்பார்கள்.

நுமாஜிரிக்கு ஐம்பத்திரண்டு வயது. பயிற்சி வண்டியின் இடப்பக்க இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளினாலும் தொடைகள் அடங்காது. டயரில் காற்று பார்க்கக் காலின் உட்பக்கத்தால் தட்டுவார். பாஸ் கொடுப்பது போலவே இருக்கும். தேனில் ஊறிய எலுமிச்சை வில்லைகளை ஒரு டப்பாவில் வைத்திருப்பார். வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் அழும் மாணவிகளுக்கு ஆளுக்கு இரண்டு. எல்லோருக்கும் ஒரே உபதேசம்: "அவசரப்படாதீங்க. அவசரப்பட்டா என்னை மாதிரி ஆயிடுவீங்க."

அவர் மாதிரி என்றால்? கால்பந்தில் பதினாலு வருடம், ஆறு கிளப், முன்வரிசை ஆட்டம், நாற்பத்தொரு கோல். அதில் ஒன்றைக்கூட ஊரில் யாருக்கும் நினைவில்லை. நாற்பத்திரண்டாவது மட்டும் மனப்பாடம். மேல் பிரிவுக்கு ஏற வேண்டிய ஆட்டம், கடைசி நிமிடம், பந்து வலைக்குள். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டார். ஆஃப்சைடு: பந்து வருமுன்பே எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி நின்றாராம். எங்கள் கிளப் கீழேயே இருந்தது; இன்றும் அங்கே சௌக்கியமாக இருக்கிறது.

ஒவ்வொரு நவம்பரிலும் அக்கா கடையில் அந்தக் கோலை மேசையில் மறுபடி ஆடுவோம். சோயா பாட்டில்தான் எதிரணியின் கடைசி ஆள். பல்குச்சி நுமாஜிரி. முதல் வருடம் பல்குச்சி பாட்டிலைத் தாண்டாமல் ஒரு விரற்கடை பின்னால் நின்றது. இப்போது ஒரு முழம் பின்னால் நிற்கிறது. இன்னும் பத்து வருடம் போனால் அடுத்த மேசையிலிருந்து ஓடி வருவார். அன்று அவருக்கு பீர் இலவசம். உண்மையைச் சொல்லு என்று யாராவது கேட்டால், "நான் என்னத்த சொல்றது, எல்லாரும் பாத்தீங்களே" என்று கோப்பையை நீட்டுவார்.

கொடி தூக்கிய இபுகிக்கு, ஓய்வு பெற்றதும் குடியேற ஜப்பானில் ஆயிரம் ஊர் இருந்தது. மனைவி வீட்டு ஆரஞ்சுத் தோப்பு இருந்ததோ எங்கள் மலையில். பதினைந்து வருடமாக இங்கேதான். நாங்கள் மரியாதையான ஜனம். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊர்க்கூட்டத்தில் அவர் கை தூக்கினால் மட்டும் அத்தனை பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விடுவோம்.

மலைக்குப் போன பேருந்தை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. சனிக்கிழமையோடு இபுகியின் உரிமம் முடிகிறது. அது போனால் தோப்பும் போகும்.

வியாழன் காலை இபுகி வெள்ளைக் கையுறையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். அடுத்த முறை எனது என்பதால் பின்னிருக்கையில் நான். கிழவர் நன்றாகவே ஓட்டினார். ஆனால் கோடு எங்கே தெரிந்தாலும் கண் அதன் மேலேயே நின்றது. வண்டி நேராகப் போக, முகம் நண்டு மாதிரி பக்கவாட்டில் போனது. நுமாஜிரியின் பேனா இரண்டு இடத்தில் அசைந்தது. பிறகு நிறுத்தக்கோடு வந்தது. வண்டி நின்றது.

"தாண்டிட்டேனா, சார்?" என்றார் இபுகி.

நுமாஜிரி இறங்கினார். தார்த்தரையில் முழங்கால் போட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தார். உள்ளே வந்து பெல்ட் போட்டுக்கொண்டார்.

"ஒரு உள்ளங்கை தாண்டியிருக்குங்க, ஐயா."

"ஆமா. நானும் அப்படித்தான் பாத்தேன்." இபுகி சாலையையே பார்த்தபடி, "அன்னிக்கும் பாத்ததத்தான் சொன்னேன், தம்பி. ஆனா ராத்திரியில சந்தேகம் வருது. நீங்க எங்க நின்னீங்க?" என்றார்.

பரீட்சை முடியும்வரை அவர் 'சார்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த 'தம்பி'க்கு மதிப்பெண் குறைக்க விதி இருக்கிறதா தெரியவில்லை. நுமாஜிரி, "கண்ணாடியப் பாத்துட்டு வண்டிய எடுங்க" என்றார்.

தேற எழுபது மதிப்பெண் வேண்டும். இபுகி எடுத்தது சரியாக எழுபது. வதந்தி அங்கேயே செத்தது. அரை மதிப்பெண் தானமும் இல்லை, பழியும் இல்லை.

என் தேர்வுக்குப் பிறகு (விவரம் வேண்டாம்) பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நுமாஜிரியைப் பிடித்தேன். எலுமிச்சை டப்பாவை என்னிடம் நீட்டினார். பிறகு தானாகவே சொன்னார்.

"அன்னிக்கு ஒரு பூட்ஸ் நீளம் தாண்டித்தான் இருந்தேன். ஓடறப்பவே தெரியும்."

அதைக் கிழவரிடம் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"அடிச்ச நாப்பத்தொண்ணும் போச்சுங்க, ஐயா. ஒருத்தருக்கும் தெரியாது. அடிக்காத ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம்."

எழுதாதீர்கள் என்று அவர் கேட்கவில்லை. மினெகோ அக்கா இந்தப் பத்திரிகையை வாங்குகிறாரா என்று மட்டும் விசாரித்தார். ராசிபலன் பக்கத்தோடு நிறுத்திவிடுவார் என்று சொன்னேன். முகம் தெளியவில்லை.

அதற்குள் இபுகியின் குட்டி லாரி, காலிக் கூடைகள் குலுங்க, வாசலுக்கு வந்துவிட்டது. நுமாஜிரி ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் அது கண்கொள்ளாக் காட்சி. இபுகி கண்ணாடியை இறக்கிக் காத்திருந்தார். நுமாஜிரி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இண்டிகேட்டர் போடுங்க, ஐயா."

இபுகி ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு போட்டார். லாரி இடப்பக்கம் திரும்பியது. நுமாஜிரி இடுப்பை மடித்துத் தலை வணங்கினார். லாரி பாலத்தைத் தாண்டி வளைவில் மறைந்தது; மரியாதைக்கு அதுவரை குனிந்தால் போதும். எதிர் மலைச்சரிவில் சிறு வெள்ளைப் புள்ளியாக ஏறவும் தொடங்கியது. வெளியே போக வேண்டிய மூன்று பயிற்சி வண்டிகள் அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அவர் இன்னும் நிமிரவில்லை.