நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்லுவேன். நானாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. சேர்க்க மனசு வந்திருந்தால் முடிவையாவது வேறு மாதிரி வைத்திருப்பேன்.

1976. எனக்குக் கல்யாணமான புதுசு. சொந்த ஊர் நாசரேத். என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. டவுனுக்குள்ளேயே ஒரு ஓட்டு வீட்டின் பாதியை வாடகைக்குப் பிடித்தோம். மறு பாதியில் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஏசுவடியான் பெரியப்பா, அவர் சம்சாரம் கிருபை பெரியம்மா. எங்களுக்கு உறவு கிடையாது. நான் அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

ஒரே வீட்டை இரண்டாக்குவதற்காக நடுவில் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அது கூரை வரைக்கும் போகாது. மேலே இரண்டடி திறந்தே கிடக்கும். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதியதும் அந்தப் பக்கம் ஒரு சத்தம் தொடங்கும். டொக்... டொக்... டொக்... பெரியப்பாவுக்குப் பல் கிடையாது. பெரியம்மா சின்ன இரும்பு உரலில் அவருக்கு வெற்றிலை இடிப்பாள். இடித்துக்கொண்டே இரண்டு பேரும் பழைய கதை பேசுவார்கள்.

சாத்தான்குளத்தில் கல்யாணம் முடிந்து வரும் வழியில் வண்டி தேரி மணலில் புதைந்துபோனது. பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியை மாப்பிள்ளையே தலையில் சுமந்து நடந்தது. மூத்தவள் தேவமணி பிறந்த அன்றைக்கு அடித்த மழை. அவர் ஒன்று சொன்னால் இவள் திருத்துவாள்.

"மழை இல்ல, காத்துதான்."

"மழைதான், ளா. நான் நனைஞ்சேம்லா?"

நான் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு சிரிப்பேன். நாங்களும் இப்படியே கிழடாக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் எந்தக் கதை பேசினாலும் ஒரு இடத்தில் வந்து உரல் நின்றுவிடும்.

மகன் பொன்னுதுரை.

அறுபத்து நாலில் அவனுக்கு இருபத்திரண்டு வயசு. கொழும்பில் மாமன் கடையில் வேலை இருந்தது. போவதற்குத்தான் பேப்பர் இல்லை. பெரியப்பா அப்போது சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் வெங்காய மூட்டைக்குப் பொறுப்பாக இருந்தார். தோணிக்காரர்கள் எல்லாரும் பழக்கம். அவரே பேசி, மூட்டைகளுக்கு நடுவே மகனை உட்கார வைத்து, தோணி ஏற்றி அனுப்பினார்.

அந்த வாரம்தான் புயல் வந்தது.

தோணி திரும்பவில்லை. களவாகப் போனவன் என்பதால் அவன் பெயர் யாரிடமும் இல்லை. பெரியப்பா மணப்பாட்டிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கரை கரையாகப் போய், ஒதுங்கிய உடல்களைப் புரட்டிப் பார்த்தார். அவன் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தோணி கரையேறியதாக யாரோ சொன்னார்கள். அதுவும் பொய். கல்லறை இல்லை. நினைவு ஆராதனை இல்லை. போய்விட்டான் என்று அழவும் முடியாது, வருவான் என்று இருக்கவும் முடியாது.

உரல் நின்றதும் பெரியம்மா கேட்பாள்.

"ஏதும் தகவல் உண்டா?"

"இல்ல, ளா."

பிறகு விளக்கை அணைத்துவிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான்.

ஒருநாள் கிணற்றடியில் பெரியப்பா என்னிடம் சொன்னார்: "ஏளா பேபி, ஒரு தடவையாவது அவ என்னைய ஏசியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஏசவே மாட்டேங்கா."

அடுத்த ஜனவரியில் பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் தேவமணி அக்கா அம்மாவை மெட்ராசுக்குக் கூட்டிப்போனாள். சாமான் கட்டிக் கொடுத்தது நான்தான். அந்த இரும்பு உரலையும் என் கையாலேயே துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். கரண்ட் இல்லை. அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆலைச் சங்கு ஊதி அடங்கியது.

டொக்...

கை அப்படியே நின்றது.

டொக்... டொக்...

எலி என்று நினைத்தேன். தேங்காய் விழுகிறது என்று நினைத்தேன். அதற்குள் இருமல் சத்தம் வந்தது. பெரியப்பாவின் இருமல்.

"ஏளா கிருபை."

"சொல்லுங்க."

பெரியம்மாவேதான். மெட்ராசில் இருக்கிற பெரியம்மா.

"போய்ச் சேந்துட்டீயளா?"

"சேந்துட்டேன்."

"பிள்ளையப் பாத்தீயளா?"

உரல் நின்றது. பிறகு...

"தேடுதேன், ளா."

எப்போது விடிந்தது என்று எனக்குத் தெரியாது.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. சாவி என்னிடம் இருக்கிறது. பூட்டு தொங்குகிறது. உள்ளே இரண்டு பேர் பேசுகிறார்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தனியா இருக்க. பயம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று தலையைத் தூக்கினார்.

"பக்கத்து வீட்டுல யாருளா? வந்துட்டாங்களா?"

நான் சாவியை எடுத்துக் காட்டினேன்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவருக்கு மேலே டார்ச் அடித்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு நடந்தது. உரல் சத்தமும் கேட்டது. டார்ச் வெளிச்சத்தில் வெறும் தரை. அதன் மேல் கலையாத தூசி.

அவர் இறங்கினார். கை கழுவினார்.

வேறு வீடு தேடினோம். துறைமுகம் வந்த நேரம்... ஊரில் வாடகை வீடே கிடைக்கவில்லை.

பிப்ரவரி மாதம். ஒரு சாயங்காலம் பெரியப்பாவின் குரல் மெலிந்து, தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது.

"எல்லாத்துட்டயும் கேட்டுட்டேன், ளா. அவன் இங்கன வரல."

உரல் நின்றது.

"அப்போ... உசுரோட இருக்கானா?"

அந்தக் குரலில் இருந்த ஆசையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நான்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்கனயும் இல்ல, ளா."

"இங்கனயும் இல்ல... அங்கனயும் இல்லன்னா... எங்க?"

பதில் இல்லை.

"எங்கய்யா?"

கடைசியில் பெரியம்மாவே சொன்னாள். சத்தம் போடாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நீங்கதான ஏத்தி விட்டிய."

அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பெரியப்பாவின் குரலை நான் கேட்கவே இல்லை. உரலும் இல்லை. பக்கத்து வீடு செத்துக் கிடந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை.

அதே மாதக் கடைசி. சனிக்கிழமை. மணி ஆறே முக்கால். கரண்ட் போனது.

சர்ர்ர்... சர்ர்ர்...

சுவரை யாரோ கையால் தடவிக்கொண்டே நடக்கிறார்கள். அந்த மூலையிலிருந்து இந்த மூலை. இந்த மூலையிலிருந்து அந்த மூலை.

"இந்தாருங்க..."

பெரியம்மா.

"எங்க இருக்கிய? நான் வந்துட்டேன்..."

சர்ர்ர்...

"ஏசினது தப்புத்தான். வாங்க..."

சர்ர்ர்...

"பொன்னு... லேய் பொன்னு..."

சர்ர்ர்...

"இங்கன ஒருத்தரையும் காணலியே..."

சத்தம் நான் சாய்ந்திருந்த இடத்துக்கு நேராக வந்து நின்றது.

சுவர் ஜில்லென்று ஆனது.

"ஏளா பேபி..."

...

"நீயாவது இருக்கியா?"

முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

நான் பதில் சொல்லவில்லை.

மார்ச் மாதம் தேவமணி அக்கா மட்டும் வந்தாள், வீட்டுக்கு ஒரு வழி பண்ண. அம்மா தவறிவிட்டாள் என்றாள். எப்போது என்று கேட்டேன். போன மாதக் கடைசிச் சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம் என்றாள்.

அதே சனிக்கிழமை, அதே நேரம். இருந்தாலும் கேட்டேன்.

"கடைசி வரைக்கும் பெரியப்பாவப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாங்களாக்கா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பேச்சா? இங்கனருந்து ரயில் ஏறின அன்னைக்கே அவங்களுக்கு வாய் இழுத்துட்டுதே. மெட்ராசுல ஒரு வார்த்தை பேசல, பேபி. ஒரு சத்தம் வரல. சாயங்காலமானா உதடு மட்டும் அசையும். ஜெபம் பண்ணுதாங்கன்னு நினைச்சோம். நாங்களும் பக்கத்துல முழங்கால் போட்டு... ஆமென் சொன்னோம்."